சாய்ந்தே நின்ற பப்: ஹிம்லியின் 'க்ரூக்கட் ஹவுஸ்' கட்டடம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் டட்லி நகரத்துக்கு மேற்கே, தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் ஹிம்லி கிராமத்தை ஒட்டி, மரங்களுக்கிடையே செல்லும் ஒடுங்கிய பாதை ஒன்றில் 'க்ரூக்கட் ஹவுஸ்' என்ற பப் இருந்தது. 1765-இல் பண்ணைவீடாகக் கட்டப்பட்ட அந்த இரண்டு தளச் செங்கல் வீடு, 1830-ஐ ஒட்டி மதுக்கூடமாக மாறி, 2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பற்றி, அடுத்த திங்கட்கிழமையே தரைமட்டமானது. அதன் ஒரு முனை மறுமுனையைவிடச் சுமார் 4 அடி தாழ்ந்திருந்தது. கதவு நிலைகளும் சன்னல்களும் செங்கல் வரிகளும் கூரை விளிம்பும் ஒரே பக்கமாகச் சரிந்திருக்க, அந்தச் சரிவோடேயே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது ஆட்களை உள்ளே ஏற்றுக்கொண்டு நின்றது.

தீயைப் பற்றியும் இடிப்பைப் பற்றியும் செய்தித்தாள்கள் நிறையவே எழுதின. அந்தக் கட்டடம் எப்படிப்பட்டது, எதனால் சாய்ந்தது, சாய்ந்த பிறகும் எதனால் விழாமல் நின்றது, அத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும் சட்டத்தின் காப்பு ஏன் அதற்குக் கிடைக்கவில்லை, இப்போது அதைத் திரும்பக் கட்டுவது என்றால் எதைக் கட்டுவது என்ற கேள்விகள் அந்த ஆரவாரத்தில் பின்னுக்குப் போய்விட்டன. இந்த ஆய்வு அவற்றையே எடுத்துக்கொள்கிறது.

நிலத்தின் அடியில்

டட்லியும் அதைச் சுற்றிய ஊர்களும் 'பிளாக் கன்ட்ரி' என்று அழைக்கப்படும் பகுதி. நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், சூளைக்கு ஏற்ற களிமண் ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததால், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் தொழில் வளர்ச்சி அடர்ந்து மூண்ட இடங்களில் இதுவும் ஒன்றானது. இங்குள்ள நிலக்கரி அடுக்குகளில் 'தடித்த நிலக்கரி' என்று பெயர் பெற்றது பல இடங்களில் ஏறத்தாழ 30 அடி கனம் கொண்டது. பிற நிலக்கரிப் பகுதிகளில் நான்கைந்து அடி அடுக்கைத் தவழ்ந்து வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே மூன்று மாடி உயரத்துக்குச் சுரங்க அறைகளைக் குடைந்து, மேற்கூரையைத் தாங்க நிலக்கரித் தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் தூண்கள் நாளடைவில் நொறுங்கினாலோ, லாபம் கருதி அவற்றையும் வெட்டி எடுத்தாலோ, மேலே இருக்கும் நிலம் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டப்பட்ட அடுக்கு எவ்வளவு கனமோ, நிலத்தின் மேல் விழும் பள்ளமும் அந்த அளவுக்குப் பெரிதாகும். இந்தப் பகுதியில் வீடுகள் சாய்ந்ததும் விரிசல் விட்டதும் சாலைகள் குழிந்ததும் அந்தக் காலத்தில் அன்றாடச் செய்தி.

ஹிம்லிப் பண்ணைவீட்டின் அடியிலும் அதுவே நடந்தது. கட்டியபோது நேராகத்தான் கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அடியில் நிலக்கரி எடுக்கப்பட்டதன் விளைவாக, வீட்டின் ஒரு பாதி தன் அடிநிலத்தோடு சேர்ந்து இறங்கியது. வட்டார வழக்கில் 'சைடன்' என்றால் கோணல். ஊர்மக்கள் அதை 'சைடன் ஹவுஸ்' என்று அழைத்தார்கள். பலகையில் இருந்த பெயர் 'கிளின் ஆர்ம்ஸ்'. நிலத்துக்குச் சொந்தக்காரரான சர் ஸ்டீஃபன் கிளினின் குடும்பச் சின்னத்தைக் குறிக்கும் பெயர் அது. நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், இந்தக் கிளின் குடும்பத்தில் பெண் எடுத்தவர். நிலத்தின் அடியிலிருந்ததை எடுத்து விற்ற காலத்தின் அடையாளமும், அந்த நிலத்தின் உடைமைக் குடும்பத்தின் பெயரும் ஒரே கட்டடத்தில் பதிந்திருந்தன.

சுரங்கச் சரிவு பற்றி அறிந்தவர்கள் ஒரு விவரத்தைக் கவனிப்பார்கள். அடியில் வெற்றிடம் இடிந்து உட்காரும்போது மேலே உருவாகும் பள்ளம் ஒரு தட்டைப் போன்றது. தட்டின் விளிம்பருகே நிலம் இழுபடும். அங்கே நிற்கும் சுவர்கள் கிழியும். தட்டின் உட்பகுதியில் நிலம் நெருக்கப்படும். அங்கே தரைகள் புடைத்தெழும். இந்த இரண்டுக்கும் நடுவே, வளைவு ஒரு திசையிலிருந்து மறுதிசைக்குத் திரும்பும் இடத்தில், சரிவு மிக அதிகமாகவும் இழுவிசையும் நெருக்கமும் மிகக் குறைவாகவும் இருக்கும். அந்த இடத்தில் அமைந்த வீடு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாயும்; ஆனால் மிகக் குறைவாகவே உடையும். இவ்வளவு சாய்ந்தும் பிளந்துபோகாமல் ஒரே உடலாக இறங்கிய ஹிம்லி வீட்டின் நிலையை இந்த விதி நன்றாகவே விளக்குகிறது என்பது என் கணிப்பு. நூறு அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கட்டியிருந்தால், அது செங்கல் குவியலாகி எப்போதோ மறக்கப்பட்டிருக்கும்.

செங்கல்லும் சாந்தும்

அடிநிலத்தின் நல்வாய்ப்பு மட்டும் போதாது. கட்டுமானமும் ஒத்துழைத்தது. 1765-இல் இங்கிலாந்தில் ஒரு பண்ணைவீட்டைக் கட்டியவர்கள் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில்தான் பதித்தார்கள். இன்று நாம் அறிந்த சிமெண்ட் அப்போது இல்லை. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. கட்டடம் மெதுவாக அசைந்தால் அசைவைச் சாந்துப் படுகைகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஆயிரம் இணைப்புகளில் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு இடம் கொடுத்தால், சுவர் முழுவதும் ஒரு சாண் நகர்ந்தாலும் பெரிய வெடிப்பு தோன்றாது. தோன்றும் நுண்ணிய விரிசல்களில் மழைநீர் கரைத்துக்கொண்டு வரும் சுண்ணாம்பு மீண்டும் படிந்து ஓரளவு அவற்றை அடைத்தும்விடும். நம் ஊரில் பழைய காரைவீடுகளைப் பழுது பார்த்த கொத்தனார்களுக்கு இந்தக் குணம் நன்றாகத் தெரியும். சிமெண்டைப் பூசினால் அந்தச் சுவர் கெட்டுவிடும் என்று அவர்கள் சொல்வது இதனால்தான். ஹிம்லி வீட்டைச் சிமெண்டில் கட்டியிருந்தால், அதன் சுவர்கள் பெரும் பாளங்களாகப் பிளந்திருக்கும்.

அடுத்து, சாய்வு எந்தத் திசையில் இருந்தது என்பது முக்கியம். முகப்பின் எதிரே நின்று பார்த்தால் வீடு நம் இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். அதாவது முன்சுவரும் பின்சுவரும் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ சாயவில்லை. தங்கள் தளத்துக்குள்ளேயே, சுவரில் மாட்டிய படம் ஒரு பக்கம் இறங்கித் தொங்குவதைப் போல, சுழன்றிருந்தன. ஒரு செங்கல் சுவர் தன் தளத்துக்குள் சுழல்வதைப் பெருமளவு தாங்கும். நீளமும் உயரமும் அதற்குத் துணை நிற்கும். தளத்துக்கு வெளியே சாய்வதைத்தான் அதனால் தாங்க முடியாது. ஐந்து மீட்டர் உயரமுள்ள சுவர் ஒன்று 15 பாகை வெளியே சாய்ந்தால், அதன் எடைமையம் அடியிலிருந்து 60 சென்டிமீட்டருக்கும் மேல் விலகிப்போகும். ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவரின் தடிமனோ 35 சென்டிமீட்டர்கூட இல்லை. எனவே அந்த வீட்டில் உண்மையான ஆபத்து இருந்தது தாழ்ந்த முனையின் பக்கச்சுவரில்தான். அது வெளிநோக்கிச் சாய்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்தவை, தளங்களின் மர உத்தரங்களும், அதோடு பிணைந்திருந்த முன்பின் சுவர்களும், பிற்காலத்தில் வெளியே எழுப்பப்பட்ட கனத்த முட்டுச்சுவர்களும்.

அந்த முட்டுச்சுவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1940-களில் கட்டடம் ஆபத்தானது என்று முடிவுசெய்யப்பட்டு, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. அப்போது வுல்வர்ஹாம்ப்டன் அண்ட் டட்லி புரூவரீஸ் என்ற மதுவடி நிறுவனம் அதை வாங்கி, முட்டுச்சுவர்களையும் இரும்பு உத்தரங்களையும் கொடுத்து, சாய்வை நிமிர்த்தாமல், சாய்ந்த நிலையிலேயே நிலைநிறுத்தியது. இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். நிமிர்த்தியிருந்தால் அது வேறு வீடு. இடித்துப் புதிதாகக் கட்டுவது செலவு குறைந்த வழியாகவும் இருந்திருக்கலாம். கோணலைக் குறையாகப் பார்க்காமல் கட்டடத்தின் வடிவமாக ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற பொறியியலைச் செய்தது அந்த நாளில் எளிதாகத் தோன்றியிருக்க முடியாது.

சாய்வின் அளவு பற்றி இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுபவர்கள் '4 அடித் தாழ்வு' என்றும் '15 பாகைச் சாய்வு' என்றும் இரண்டு எண்களைச் சேர்த்தே கொடுப்பார்கள். ஆனால் 15 பாகைச் சரிவில் 1.2 மீட்டர் இறங்க ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளம் போதும். முகப்போ அதைவிட வெகு நீளமானது. ஆகவே இரண்டு எண்களும் கட்டடம் முழுவதற்கும் ஒருசேரப் பொருந்தா. 15 பாகை என்பது ஏதோ சில பகுதிகளின் உச்ச அளவாகவே இருக்க முடியும். மொத்தச் சரிவு அதைவிடக் குறைவு, அதுவும் இடத்துக்கு இடம் மாறியது. இது அற்பமான திருத்தம்போலத் தோன்றலாம். திரும்பக் கட்ட வேண்டும் என்ற பேச்சு வரும்போது எல்லாமே இந்த அளவுகளில்தான் வந்து நிற்கிறது.

மேலே ஏறும் கோலிக்குண்டு

உள்ளே போனவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: குடிக்காமலே தலை சுற்றியது. அங்கே காட்டப்படும் வேடிக்கை ஒன்று புகழ்பெற்றது. சாய்ந்து இறங்குவதைப் போலத் தெரியும் ஒரு பலகையின் தாழ்ந்த முனையில் கோலிக்குண்டை வைத்தால், அது உயர்ந்த முனையை நோக்கித் தானாக உருண்டு ஏறும். மந்திரம் எதுவும் இல்லை. அறை முழுவதும் ஒரு பக்கமாகப் பத்துப் பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பக்கமாக ஐந்து பாகை மட்டும் சாய்ந்த பலகை ஒன்று அந்த அறையில் இருந்தால், அறையின் தரையையும் சுவர்க்கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு அது எதிர்ப்பக்கமாக ஐந்து பாகை சாய்ந்திருப்பதாகவே தோன்றும். கோலிக்குண்டு அறையைப் பார்ப்பதில்லை. பூமியின் இழுப்பை மட்டுமே அறியும். அது உண்மையான பள்ளத்தை நோக்கி உருள்கிறது. நம் கண்ணோ அதை மேடு என்று எண்ணுகிறது.

இதே காரணத்தால், அங்கே நேராக நின்ற நெடுங்கடிகாரம் ஒன்று சாய்ந்திருப்பதாகவும், கூரையிலிருந்து தொங்கும் விளக்குகள் யாரோ ஒருபக்கமாக இழுத்துக் கட்டியவைபோலவும் தெரிந்தன. கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டின் நூலைப் போன்றவை அந்த விளக்குகள். அந்த வீட்டில் உண்மை சொன்னவை அவைதான், அவற்றைத்தான் யாரும் நம்பவில்லை. மனித உடல் நேர் நிலையை இரண்டு வழிகளில் அறிகிறது: உட்செவியின் சமநிலை உறுப்பு ஒன்று, கண்முன் உள்ள சுவர்களும் நிலைகளும் தரும் கோடுகள் மற்றொன்று. வழக்கமான கட்டடத்தில் இரண்டும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. ஹிம்லியில் அவை பிரிந்து நின்றன. கட்டடக்கலை என்பது உடலில் நேரடியாக உணரப்படுவது என்று நூல்கள் சொல்வதை, ஒரு கிராமத்து மதுக்கூடத்தில் கையில் கோப்பையோடு நின்ற எவரும் உணர்ந்துகொள்ள முடிந்தது.

பண்ணைவீடு பப் ஆன விதம்

இங்கிலாந்தின் நாட்டுப்புற பப்களில் பல, பப் ஆக வேண்டும் என்று கட்டப்பட்டவை அல்ல. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற சொல்லே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட வீடு என்று பொருள் தருகிறது. ஒருவர் வடித்த பீர் நன்றாக இருந்தது, அயலார் அவர் வீட்டுக் கூடத்தில் கணப்பின் முன் அமர்ந்து குடித்தார்கள், கூடம் மதுக்கூடமானது. 1830-இல் வந்த பீர்ஹவுஸ் சட்டம் இதற்கு வாசலை அகலத் திறந்தது: வரி செலுத்தும் வீட்டுக்காரர் எவரும், நீதிபதிகளின் தயவு இல்லாமல், ஆண்டுக்கு 2 கினி (பழைய ஆங்கிலேய நாணயம்) கட்டணம் செலுத்தித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றானது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் பீர்க்கடைகளாயின. ஹிம்லிப் பண்ணைவீடு மதுக்கூடமானதும் இதே காலம்தான். சுரங்கத்திலிருந்து தொண்டை வறண்டு வெளியே வரும் தொழிலாளிகள் நிறைந்த பகுதியில், அந்த மாற்றத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இதனால் கட்டடக்கலை நோக்கில் ஒரு விளைவு உண்டு. இப்படிப்பட்ட பப்பின் சிறப்பு அதன் முகப்பு அலங்காரத்தில் இருப்பதில்லை. தாழ்ந்த கூரையும் சிறிய அறைகளும் கணப்பும் ஒன்றுக்கொன்று திறக்கும் விதத்தில், ஒரு குடும்பத்தின் வீடு என்ற உணர்வு இன்னும் மிச்சமிருப்பதில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் கட்டடக்கலை ஆய்வாளருக்குச் 'சாதாரணப் பண்ணைவீடு, பல முறை மாற்றப்பட்டது' என்று ஒரே வரியில் முடிந்துவிடக்கூடிய தன்மை அது. அந்த ஒரு வரிதான் பின்னால் பெரிய விலை கேட்டது.

2023-இன் கோடை

வுல்வர்ஹாம்ப்டன் அண்ட் டட்லி நிறுவனம் 2007-இல் மார்ஸ்டன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2023-இன் தொடக்கத்தில் அது இந்தப் பப்பை 6,75,000 பவுண்டு என்ற விலைக்குறிப்போடு விற்பனைக்கு வைத்தது. ஜூலையில் கட்டடம் தனியார் கைக்கு மாறியது. சட்டக் காப்பு பெறும் மரபுக் கட்டடங்களின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும் என்று கோரும் மனு ஒன்று, தீப்பற்றுவதற்குச் சில நாட்கள் முன்பே 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' என்ற மரபுக் காப்பு அமைப்பிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை இரவு தீப்பற்றியது. செல்லும் பாதையில் மண் குவியல் கிடந்ததால் தீயணைப்பு வண்டிகள் அருகே நெருங்க முடியாமல், வெகு தூரம் குழாய்களை இழுத்துச் சென்று நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் எடுக்கப்பட்ட படங்களில் கூரை முழுவதும் போயிருந்தது. புறச்சுவர்கள் பெரும்பாலும் நின்றன. இந்தப் படங்களை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். சுரங்கம் விழுத்தாத சுவர்களைத் தீயும் விழுத்தவில்லை.

ஆனால் தீ ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த மரத் தளங்களும் கூரைக் கைமரங்களும் எரிந்துபோனதால், மேல்பகுதிச் சுவர்கள் பிடிமானமின்றி நின்றன. மாவட்ட மன்றத்தின் அலுவலர்கள் பார்வையிட்டு, முகப்பின் முதல் தளத்தில் மூன்று பகுதிகளை மட்டும் பாதுகாப்புக்காக அகற்றலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கட்டடம் முழுவதையும் இடிக்கத் தாங்கள் எந்தக் கட்டத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், அதற்குத் தேவை இருப்பதாகக் கருதவும் இல்லை என்றும் மன்றம் பின்னர் அறிவித்தது. ஆகஸ்ட் 7 திங்கட்கிழமை ஒரு மண்வாரி இயந்திரம் முழுவதையும் இடித்துத் தள்ளியது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்ற கோணத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் காவல்துறை விசாரணையைத் தொடங்கியது. அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

காப்பு ஏன் இல்லை

இங்கிலாந்தில் 1700-க்கு முன் கட்டப்பட்டு, மூலக் கட்டுமானம் கணிசமாக மிஞ்சியுள்ள கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே பட்டியலில் இடம் பெறும். 1700 முதல் 1850 வரையிலானவற்றில் பெரும்பாலானவை இடம் பெறும். 1765 இரண்டாம் வரம்புக்குள் நன்றாகவே அடங்குகிறது. ஆனால் 'மூலக் கட்டுமானம் கணிசமாக மிஞ்சியிருத்தல்' என்ற நிபந்தனைதான் இத்தகைய வீடுகளுக்குத் தடைக்கல். முட்டுச்சுவர்களும் இரும்புத்தாங்கிகளும் பின்னால் சேர்ந்தவை. உள்ளே பப்புக்கேற்ற மாற்றங்கள் பல. வடிவமைத்த கைவினைஞரின் நோக்கத்தைத் தேடும் பார்வைக்கு இந்தக் கட்டடத்தில் பிடிப்பு எதுவும் இல்லை, ஏனெனில் அதன் மிக முக்கியமான வடிவம் எவரும் நோக்கியதல்ல, நிலம் தந்தது. உள்ளூர் மரபுப் பதிவேட்டில் மட்டும் அதன் பெயர் இருந்தது. அந்தப் பதிவு, திட்ட அனுமதி கேட்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு குறிப்பு; காவல் அல்ல.

வித்தியாசம் பெரிது. பட்டியலிட்ட கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பது 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. பட்டியலில் இல்லாத பப்பை அனுமதியின்றி இடிப்பது திட்ட விதி மீறல் மட்டுமே. அதுவும் 2017-இல்தான் மீறலானது. அதற்கு முன்பு பெரும்பாலான பப்களைத் திட்ட அனுமதி கேட்காமலேயே இடிக்க முடிந்தது. அந்த ஆண்டின் சட்டத் திருத்தம் அந்த உரிமையைப் பப்களிடமிருந்து நீக்கியது. மன்றத்தின் கையில் இருந்தது அந்த ஒரு பிடிதான்.

ஒப்பிட்டுப் பார்க்க வூஸ்டர்ஷயரின் பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்து 'ஃபிளீஸ் இன்' பொருத்தமானது. அதுவும் பண்ணைவீடாகப் பிறந்ததுதான், 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச்சட்டக் கட்டடம், 1848-இல் மதுக்கூடமானது. தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடம் இருந்த அதை, அக்குடும்பத்தின் கடைசி உரிமையாளரான லோலா டாப்ளின் 1977-இல் இறந்தபோது, மரபு இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்தார். 2004-இல் அதன் வைக்கோல் கூரை தீப்பற்றி மேல்தளம் அழிந்தது. அங்கே யாரும் மண்வாரியை அழைக்கவில்லை. கணப்பின் முன் தரையில் சூனியக்காரிகள் புகைபோக்கி வழியே இறங்காதிருக்க வரையப்பட்ட வெண் வட்டங்கள் உட்படக் கீழ்த்தளம் காப்பாற்றப்பட்டு, 2005-இல் பப் மறுபடி திறந்தது. ஒரே வகை வீடு, ஒரே வகை விபத்து. உடைமையாளர் யார் என்பதும் சட்டத்தின் காவல் இருந்ததா என்பதுமே இரண்டின் முடிவுகளையும் பிரித்தன.

சாய்வைத் திரும்பக் கட்டுதல்

2024 பிப்ரவரியில் தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் மன்றம் அமலாக்க அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது: தீக்கு முன் இருந்த நிலைக்குக் கட்டடத்தை 3 ஆண்டுகளுக்குள் திரும்பக் கட்ட வேண்டும். உரிமையாளர் தரப்பு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 'செங்கல் செங்கலாக' என்பது ஊர்மக்களின் முழக்கமாகியிருந்தது. மேற்கு மிட்லண்ட்ஸ் மேயராக அப்போது இருந்த ஆண்டி ஸ்ட்ரீட்டும் அதையே வலியுறுத்தினார். இடிபாடுகளிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் பொறுக்கிப் பத்திரப்படுத்தப்பட்டன.

இப்படித் திரும்பக் கட்டியதற்கு முன்னுதாரணம் உண்டு. லண்டனின் மைடா வேல் பகுதியில் 1920-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கார்ல்டன் டேவர்ன் என்ற பப், 2015-இல் பட்டியலில் சேரவிருந்த தருணத்தில் அனுமதியின்றி இடிக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் அதை அப்படியே திரும்பக் கட்ட ஆணையிட்டது. 2021-இல் பப் மீண்டும் திறந்தது. அது சாத்தியமானதற்கு முக்கியமான காரணம், இடிப்புக்கு முன்னரே கட்டடத்தை விரிவாகப் பதிவு செய்து, அலங்கார ஓடுகளின் அச்சுகள்வரை எடுத்து வைத்திருந்ததுதான். மேலும் கார்ல்டன் டேவர்ன் நேரான கட்டடம். வரைபடமும் படங்களும் இருந்தால் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் வைத்து எந்தத் திறமையான கொத்தனாரும் அதை எழுப்பிவிடலாம்.

ஹிம்லியில் பொறியியல் தலைகீழாகிறது. பழைய வீட்டில் செங்கல் வரிகள் மட்டமாகப் பதிக்கப்பட்டு, பின்னர் நிலத்தோடு சேர்ந்து சுழன்றன. சாந்து இருநூறு ஆண்டுகளில் சிறுகச் சிறுக இடம் கொடுத்து அமைந்துகொண்டது. புதிதாகக் கட்டும்போது வரிகளை முதலிலிருந்தே சரிவாகப் பதிக்க வேண்டும். ஈரச் சாந்தில் சரிவாக வைத்த செங்கல் நழுவும். தாழ்ந்த முனையின் பக்கச்சுவர் வெளிநோக்கிச் சாய்ந்தே எழ வேண்டியிருப்பதால், பாதி உயரத்திலேயே சாரம் கட்டிப் பிடிக்க வேண்டும். இன்றைய கட்டட விதிகளுக்கு உட்பட்டு அதைச் செய்வதற்கு நடைமுறையில் உள்ளே ஒரு எஃகுச் சட்டகத்தை நிறுத்தி, அதன்மேல் செங்கல்லை ஒரு மேலாடையாகப் போர்த்துவதே வழி. அப்போது சுவர் தன்னைத் தானே தாங்காது. பழைய வீட்டின் அற்புதம் அது தன்னைத் தானே தாங்கியதுதான்.

அப்படியானால் கட்டவே கூடாது என்பார் ஒருவர். நான் அந்தப் பக்கம் இல்லை. 1940-களிலேயே இரும்பின் துணை அந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டது; அதன் 'தூய்மை' அன்றே முடிந்தது, அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. அந்த இடத்தில் அந்தச் சாய்வு நிற்பது, அடியில் வெட்டியெடுத்த நிலக்கரிக்கு மேலே கிடக்கும் சாட்சி. பிளாக் கன்ட்ரியின் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டு, குழிகள் நிரப்பப்பட்டு, மேடுகள் பூங்காக்களாகிவிட்ட பிறகு, நிலம் எவ்வளவு கீழே இறங்கியது என்பதைக் கண்ணால் பார்க்கவும் காலால் உணரவும் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. நேராகத் திரும்பக் கட்டிய பண்ணைவீடு அந்தச் சாட்சியைச் சொல்லாது. தவறான கோணத்தில் கட்டிய கோணல் வீடு பொய்ச் சாட்சி சொல்லும்.

எனவே திரும்பக் கட்டும் முயற்சியில் முதல் வேலை கொத்தனாருடையது அல்ல, அளப்பவருடையது. பல தலைமுறைகளாக மக்கள் எடுத்து வைத்திருக்கும் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரே சன்னலைப் பல கோணங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு அதன் இடத்தையும் சாய்வையும் கணக்கிட இன்று முறைகள் உண்டு. ஆனால் படம் எடுத்தவர்களும் தம் கருவியைச் சற்றுச் சாய்த்தே பிடித்திருப்பார்கள். சிலர் வீட்டின் கோணல் அதிகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சிலர் அறியாமலேயே. அந்தப் படங்களில் நம்பத்தக்கவை எவை என்று பிரிக்க, நேராகத் தொங்கும் ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே எடுத்த படங்களில் அது கிடைக்கிறது: கூரையிலிருந்து தொங்கிய அந்த விளக்குகள். ஒவ்வொரு படத்திலும் விளக்கின் கம்பியிலிருந்து கதவு நிலை எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று அளந்து, அறை அறையாக எழுதிக்கொண்டு வந்தால், கொத்தனார் கையில் கொடுக்க ஓர் அளவுத்தாள் உருவாகும்.